மரத்தில் பழுக்கிற பிள்ளைகளுக்குள் என்ன மேல், என்ன கீழ்? 'பன்னிரண்டு ராஜ்ஜியங்கள்' தொடர் பற்றி ஒரு கேள்வி

புக்கிட் பாத்தோக் வாணி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வட்டம் நடத்துகிறேன். கதை படிப்போம், சில சமயம் படம் பார்ப்போம். அப்புறம் பார்த்ததைப் பற்றித் தமிழில் பேசியாக வேண்டும், அவ்வளவுதான் விதி. ஜூன் விடுமுறைக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டேன். எல்லோரும் சேர்ந்து அனிமே என்றார்கள். சரி, அனிமே என்றால் எதைப் பார்ப்பது என்பதை நான் முடிவு செய்கிறேன் என்று 'பன்னிரண்டு ராஜ்ஜியங்கள்' தொடரைச் சொன்னேன். ஜப்பானியப் பெயர் 'ஜூனி கொக்கி'. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் வந்த தொடர் என்பதால் முதலில் முகம் சுளித்தார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்த வேண்டியிருந்தது ஒரு பெற்றோர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை. "ஜப்பான்காரப் பொண்ணு, சீனத்து அரண்மனை மாதிரி ஒரு இடம். இதுல நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க டீச்சர்? இதுக்கு எதுக்குத் தமிழ் வகுப்பு?" அந்த வாரமே வகுப்பில் ஒரு பையனும் வேறு மாதிரி அதையே கேட்டான். டிராகன் இருக்கலாம், பேசுகிற எலி இருக்கலாம், நம் நிறத்தில் ஒருவர் இருந்தால் மட்டும் கதை கெட்டுவிடுமா என்று.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. நாகாஜிமா யோகோ ஜப்பானில் பள்ளி மாணவி, வகுப்புத் தலைவி. பிறவியிலேயே முடி கொஞ்சம் சிவப்பு. சாயம் அடித்துக் கருப்பாக்கிக்கொள் என்று சுற்றியிருப்பவர்கள் நச்சரிக்கிறார்கள். யாரிடமும் கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்பதே அவள் வாழ்க்கை. வகுப்பில் ஒரு பெண்ணை எல்லோரும் ஒதுக்கும்போது இவளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் நீண்ட பொன்னிற முடியோடு கெய்க்கி என்ற ஒருவன் வந்து அவள் காலடியில் பணிந்து, கடலுக்கு அப்பாலுள்ள இன்னொரு உலகத்துக்கு அவளைக் கொண்டுபோகிறான். அங்கே பன்னிரண்டு நாடுகள். நாட்டுக்கு ஒரு கிரின், அது தெய்வ மிருகம். அரசரைத் தேர்ந்தெடுப்பது அதுதான். அரசர் நெறி தவறினால் கிரின் நோயில் விழும். கிரின் செத்தால் அரசரும் அதிக நாள் தாங்க மாட்டார். ஓனோ ஃபுயுமி எழுதிய நாவல் வரிசை இது. 2002, 2003இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே இதை 45 அத்தியாயங்களாக ஒளிபரப்பியது.

நான் இந்தத் தொடரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அரண்மனையும் வாள்சண்டையும் இல்லை, அந்த உலகத்தில் பிள்ளை பிறக்கும் விதம். அங்கே பெண்கள் கருத்தரிப்பதே கிடையாது. ஊருக்கு ஊர் ஒரு வெள்ளை மரம் நிற்கும். பிள்ளை வேண்டும் என்கிற தம்பதி அதன் கிளையில் நாடா கட்டி வேண்டிக்கொள்வார்கள். மேலே மனம் இறங்கினால் பழம் காய்க்கும், பழத்துக்குள் பிள்ளை. ஆகவே யாருடைய சாயலும் யாருக்கும் வராது. அப்பாவுக்குக் கருப்பு முடியும் மகளுக்கு நீல முடியும் இருந்தால் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம்மிடையே மேல் கீழ் பேசுகிறவர்கள் எத்தனை நியாயம் சொன்னாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ரத்தம்தான். சிங்கப்பூரில் சாதி இல்லை என்று வாய்நிறையச் சொல்கிற வீடுகளில்கூட மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் அது மெல்ல எட்டிப் பார்க்கும், நான் பார்த்திருக்கிறேன். ஓனோ அந்த ரத்தத்தை வேரோடு பிடுங்கிவிட்டார். வம்சம் இல்லை, பரம்பரை நிறம் இல்லை. ஆனால் பாகுபாடு மட்டும் எள்ளளவும் குறையவில்லை!

ராகுஷுனைப் பாருங்கள். மனிதத் தாய்க்கு மரம் கொடுத்த பிள்ளை, ஆனால் அரைமிருகம். எலி உருவத்தில் உலவுவான், வேண்டுமானால் மனிதனாகவும் மாறுவான். கோ என்ற அவன் நாட்டில் அரைமிருகங்களுக்கு நிலம் கிடையாது. வயது வந்தவர் என்ற பதிவே கிடையாது, அதனால் வேலையும் கிடையாது. படிப்பில் புலி, மேலே படிக்க வழியில்லை. அதே நாட்டில் கைக்யாக்கு என்று இன்னொரு கூட்டம். சூறைக்கடலில் அடித்துக்கொண்டு வரப்பட்ட ஜப்பானியர்கள். அவர்கள் வந்தால் நாட்டுக்குக் கேடு என்று பிடித்துக் கொல்கிறார்கள். கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போனால் அதே மனிதர்களுக்குப் பதிவும் உதவியும் கிடைக்கிறது. அந்த நாட்டு அரசர் ஜப்பானில் வளர்ந்தவர் என்பதும் ஒரு காரணம். மரம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் பழுத்தது, கோடு போட்டது பதிவேடு.

அடையாள அட்டையில் இனம் என்று ஒரு கட்டத்தோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? 2011லிருந்து கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு இனத்தையும் கோடு போட்டுச் சேர்த்துப் பதியலாம். எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். இந்த மரத்தைப் பற்றி அவள் என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கு ஆசை.

என் கேள்வி இதுதான். "நம்ம ஆளுங்க எங்கே" என்று கேட்ட அம்மாவுக்கு, அரைமிருகத்திலும் கைக்யாக்குவிலும் நம் கதை இருக்கிறது என்று நான் பதில் சொன்னால் அது நேர்மையான பதிலா? அல்லது அந்தப் பையனின் கேள்வியிலிருந்து நழுவுகிறேனா? இன்னொன்று, 45 அத்தியாயமும் காட்ட முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது?

---

பழைய டிவிடி பாலா:

டீச்சர், இந்தத் தொடரைப் பற்றித் தமிழில் ஒருவர் கேட்பதைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா! சிம் லிம் ஸ்கொயரில் டிவிடி தேடி அலைந்த காலத்து ஆள் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடைமுறை. யோகோவின் முதல் கதை ஏறக்குறைய 13 அத்தியாயங்களில் முடிகிறது. ஆரம்ப அத்தியாயங்களில் ரத்தம் அதிகம். அடைக்கலம் தந்த ஒரு பெண்மணி யோகோவை விபசார விடுதியில் விற்கப் பார்க்கும் இடமும் வருகிறது. நீல நிறக் குரங்கு ஒன்று அவள் காதருகே உட்கார்ந்து, உன்னை யாரும் தேடவில்லை, செத்துப் போ என்கிற மாதிரி ஓதிக்கொண்டே இருக்கும். அவளுடைய சந்தேகம்தான் அந்தக் குரங்கு. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் காட்டிய அன்றே பேசிவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள். என் யோசனை, முன்கதையை நீங்களே வாயால் சொல்லிவிட்டு, மழையில் விழுந்து கிடக்கும் யோகோவை ராகுஷுன் கண்டெடுக்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்பது.

அப்புறம், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒருத்தி இருக்கிறாள், சுகிமோதோ. வகுப்பில் எல்லோரும் ஒதுக்கிய அந்தப் பெண். நாவலில் யோகோ தனியாகத்தான் அந்த உலகத்துக்குப் போகிறாள். அனிமேயில்தான் சுகிமோதோவையும் அசானோ என்ற பையனையும் கூடவே அனுப்பினார்கள். திரைக்கதை ஐகாவா ஷோ. நாவலில் பக்கம் பக்கமாக யோகோ தனக்குள் பேசிக்கொள்வதைத் திரையில் என்ன செய்வது? பேச ஆள் வேண்டும். நாவல் ரசிகர்களில் பலருக்கு இந்த மாற்றம் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் யோகோவுக்கு அந்த ஊர்ப் பேச்சு முதல் நாளே விளங்குகிறது, சுகிமோதோவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரே பள்ளி, ஒரே சீருடை, ஒரே கடலில் விழுந்தவர்கள். ஒருத்தி அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்பதால் மொழி தானாக வருகிறது. கதாநாயகி நான்தான் என்று நம்பிக்கொண்டு வந்த சுகிமோதோ கோ நாட்டு அரசரின் கையில் கருவியாகிறாள். "நம்ம ஆளுங்க எங்கே" என்று கேட்ட அந்த அம்மாவுக்கு நான் சுகிமோதோவைக் காட்டுவேன், ராகுஷுனை இல்லை. ராகுஷுன் ரொம்ப நல்லவன். ஒதுக்கப்பட்டவன் நல்லவனாக இருந்தால் பரிதாபப்படுவது சுலபம். சுகிமோதோ எரிச்சலூட்டுவாள், பொறாமைப்படுவாள், கத்தியை எடுப்பாள். அவள் பக்கம் பிள்ளைகள் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

பெண் அரசர் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். யோகோ ஆளப்போகும் கெய் நாட்டில் தொடர்ந்து அரசிகள் வந்து தோற்றுப் போயிருக்கிறார்கள். கடைசி அரசி கெய்க்கியின் மேல் கொண்ட மோகத்தில், நாட்டில் பெண்களே இருக்கக் கூடாது என்று விரட்டியவள். அதனால் யோகோ சிம்மாசனத்தில் உட்காரும் முன்பே, "மறுபடியும் பொம்பளையா" என்று ஊரே பெருமூச்சு விடுகிறது. அரசவை அதிகாரிகள் காலில் விழுந்துகொண்டே ஏளனம் செய்வார்கள். அவள் போடும் முதல் ஆணை என்ன தெரியுமா? தரையில் நெற்றி படும்படி விழுந்து வணங்கும் வழக்கத்தை நிறுத்துவது. அந்தக் காட்சி தொடரின் பிற்பகுதியில் வருகிறது, கட்டாயம் காட்டுங்கள்.

ஒரு உபரித் தகவல். தொடரின் இசை ரியோ குனிஹிகோ, டோக்கியோவில் பிறந்த கொரிய வம்சாவளிக்காரர். யாங் பாங் இயான் என்ற கொரியப் பெயரிலும் இசை வெளியிடுகிறார். கடல் கடந்து வந்தவர்கள் பற்றிய கதைக்கு இசையமைத்தவர் இரண்டு பெயரோடு வாழ்கிறவர். தயாரிப்பாளர்கள் அதை நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் ஆரம்ப இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

---

கோப்பிக்கடை கோபால்:

ஒரு கார்ட்டூன் எலிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுங்கம்மா.

---

செம்பருத்தி:

கோபால் அங்கிள், எலி பேசும் என்று சொன்னதும் சிரிக்கிறீர்கள். பஞ்சதந்திரத்தில் நரியும் எருதும் அரசியல் பேசினால் மட்டும் பாடத்தில் சேர்த்துக்கொள்வீர்கள். சரி, விடுங்கள்.

வாணி அக்கா, உங்கள் மரத்து வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையனுக்கு அது பதில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நான் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிறேன், காஸ்ப்ளேயும் செய்வேன், அதாவது கதாபாத்திரங்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு போவேன். போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்கு யோகோவாகப் போனேன். சிவப்பு விக், வாள், பச்சை லென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. படம் எடுக்க வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "இது கருப்பு வெர்ஷனா?" என்றார். இன்னொருவர் நிஜமாகவே உதவுகிற எண்ணத்தில், "உன் கலருக்குப் பொருந்துகிற கேரக்டர்கள் இருக்கே" என்று ஒரு பட்டியல் சொன்னார். அந்தப் பட்டியலைக் கேளுங்கள். 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' தொடரின் ஸ்கார், 'மோரிபிட்டோ' தொடரின் டோரோகாய். ஒருவர் தொடர் கொலைகாரர், மற்றவர் பல் தெரியச் சிரிக்கும் மந்திரக் கிழவி. எனக்கு வயது பத்தொன்பது!

அந்த இரண்டு தொடர்களும் மோசம் என்று சொல்லவில்லை, இரண்டும் எனக்கு உயிர். ஆனால் அவற்றில் மாநிறத்தவர்களின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். ஃபுல்மெட்டலில் இஷ்வால் மக்கள். மாநிறத் தோல், வெள்ளை முடி, சிவப்புக் கண். ஒரு சிப்பாய் சுட்ட குண்டில் ஒரு குழந்தை சாகிறது, அதிலிருந்து உள்நாட்டுப் போர், கடைசியில் அரசு ரசவாதிகளை அனுப்பி அழித்தொழிப்பு. எழுதிய அராகாவா ஹிரோமு ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். கதைக்காக அகதிகளிடமும் போருக்குப் போய்வந்தவர்களிடமும் பேசியவர், அது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தவர் மைல்ஸ். கால்பங்கு இஷ்வால் ரத்தம், ஆனால் தன் மக்களை அழித்த அதே படையில் அதிகாரி. சிவப்புக் கண்ணைக் கருப்புக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். அலுவலகத்துக்குப் போகும் எங்கள் அக்காவுக்கு மைல்ஸைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள்.

மோரிபிட்டோவும் அப்படித்தான். எழுதிய உவேஹாஷி நஹோகோ மானுடவியல் படித்தவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே ஆய்வு செய்தவர். கதையில் யாக்கூ என்ற மண்ணின் மக்கள், பிறகு வந்து நாடு அமைத்த யோகோ மக்கள் (யோகோ அரசி இல்லை, இது வேறு). வந்தவர்களின் அரச வரலாறு, எங்கள் முதல் மன்னர் நீர்ப்பூதத்தைக் கொன்றார் என்கிறது. யாக்கூ மக்களின் வாய்மொழிக் கதையில் அது பூதமே இல்லை, மழையைக் கொண்டுவருவது. அதைக் கொன்றால் வறட்சி. இந்த உண்மை அரண்மனைக்குத் தேவைப்படுகிற நேரத்தில் யாக்கூ இளைஞர்களுக்கே தங்கள் கதை மறந்து போயிருக்கிறது. தமிழ் வகுப்பில் காட்ட இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

இப்போது உங்கள் மரத்துக்கு வருகிறேன். மரத்தில் பழுக்கிற பிள்ளைக்கு நீல முடி வரலாம், பச்சை முடி வரலாம், எலி முகம்கூட வரலாம். பரம்பரை என்ற கட்டுப்பாடே இல்லாத உலகம், வரைகிறவருக்கு எல்லா நிறமும் இலவசம். பிறகு ஏன் ஊர் முழுக்க ஒரே வெளிர்த் தோல்? மாநிறத்தில் கண்ணில் நிற்கிறவர் டாய் நாட்டு அரசர் கியோசோ ஒருவர்தான். அவரும் ஆட்சிக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே காணாமல் போகிறார். அவருக்கும் வெள்ளை முடி, சிவப்புக் கண், இஷ்வால்காரர்களைப் போலவே. மாநிறம் என்றால் சாதாரணக் கருப்பு முடியோடு ஒரு கடைக்காரராகவோ குமாஸ்தாவாகவோ இருக்க முடியாது. விசித்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜப்பானியர்கள் தங்களுக்காக எடுத்த தொடர், அதில் நமக்கு இடம் கேட்பது நியாயமா என்று பாலா அண்ணன் கேட்பார், தெரியும். நான் இடம் கேட்கவில்லை. இல்லை என்பதைப் பிள்ளையிடம் இல்லை என்றே சொல்லுங்கள், எலியைக் காட்டி சமாதானம் செய்யாதீர்கள் என்கிறேன். 2019இல் இங்கே ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருப்பாக்கிக்கொண்டு இந்தியராக வந்தாரே, அது அந்தப் பையனுக்கும் ஞாபகம் இருக்கும். அவன் கேள்வி அனிமேயைப் பற்றி மட்டும் இல்லை.

---

பழைய டிவிடி பாலா:

தங்கச்சி, அப்படிக் கேட்க மாட்டேன். கியோசோவை வைத்துத்தான் உன்னை மடக்கலாம் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், நீயே சொல்லிவிட்டாய். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவர் காணாமல் போன கதைக்கு முடிவு தேடி வாசகர்கள் 18 வருடம் காத்திருந்தார்கள். 2019இல்தான் நான்கு பாகங்களாக அந்த நாவல் வந்தது. அனிமே அதற்குள் போகவே இல்லை, பாதியில் நிற்கிறது.

---

துவாஸ் தஞ்சாவூரான்:

வணக்கம் டீச்சர். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். விடுதியில் என் பக்கத்துப் படுக்கைத் தம்பி அனிமே பைத்தியம். அவனோடு சேர்ந்து கைபேசியில் இந்தத் தொடரை முழுதும் பார்த்தேன். ஆங்கில எழுத்து ஓடும் வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது, அவன் சொல்லச் சொல்லப் பார்ப்பேன்.

நீங்கள் எல்லோரும் யோகோவையும் எலியையும் பேசுகிறீர்கள். எங்கள் அறையில் எல்லோரும் பேசியது சுசுவைப் பற்றி. மெய்ஜி காலத்து, அதாவது நூறு வருடத்துக்கும் முந்தைய ஜப்பானின் ஏழைப் பெண். வீட்டில் சோறில்லை என்று வேலைக்கு அனுப்பிவிட, போகிற வழியில் கடலில் விழுந்து அந்த உலகத்தில் கரையேறுகிறாள். யார் பேசுவதும் புரியவில்லை. கூத்தாடிகள் கூட்டத்தோடு ஊர் ஊராக அலைகிறாள். ஒருநாள் ரியோ என்ற ஒரு சீமாட்டி பேசுவது மட்டும் புரிகிறது, அவள் சாவில்லாத இனம் என்பதால். புரிகிற பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் காலைப் பிடித்துக் கெஞ்சி அவளிடம் வேலைக்காரியாகச் சேர்கிறாள். அப்புறம் நூறு வருடம் அடியும் ஏச்சும். ஓடிப் போகலாமென்றால், சாகாவரத்தைப் பிடுங்கிவிட்டால் மறுபடி மொழி போய்விடும் என்ற பயம்.

இதை எழுதிய அம்மாவுக்கு எங்கள் கதை எப்படித் தெரிந்தது என்று நான் தம்பியிடம் கேட்டேன். ஊரிலிருந்து முதல்முறை வந்தபோது நான் நம்பியது தமிழ் பேசிய ஏஜெண்டை. மற்றவர்கள் பேசியது புரியவில்லை, இவர் "தம்பி, சாப்பிட்டியா" என்று கேட்டார். கட்டிய பணத்தில் பாதிக்குக் கணக்கே இல்லாமல் போனது அவரிடம்தான். சம்பளம் சொன்னது ஒன்று, இங்கே வந்து கையெழுத்துப் போட்டது ஒன்று. நம் பாஷை பேசுகிறவன் நம் ஆள் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று சுசுவுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. சாய் நாட்டு ராணி சுசுவை ரியோவிடமிருந்து காப்பாற்றுகிறாள். காப்பாற்றிய கையோடு, நீ இன்னும் வளர வேண்டும் என்று புத்திமதி சொல்லி வெளியே அனுப்புகிறாள். நூறு வருடம் அடி வாங்கியவளிடம் போய் வளரச் சொல்வதா? பின்னால் கப்பலில் சேய்ஷு என்ற சின்னப் பையன், நீ உன்னை நினைத்தே அழுதுகொண்டிருக்கிறாய் என்று சொல்கிறான். அவன் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. அவன் தலையில் காயம், கண் மங்கிக்கொண்டு வருகிறது, அவன் சொல்லலாம். அந்தப் பையனைத்தான் ஒரு அதிகாரியின் வண்டி நடுத்தெருவில் ஏற்றிக் கொல்கிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிம்மாசனத்தில் இருந்து சொல்கிற புத்திமதியும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற புத்திமதியும் ஒன்றா? உங்கள் வகுப்பில் இதைக் கேளுங்கள் டீச்சர். பிள்ளைகள் வீட்டில் வேலைக்காரப் பெண் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு அத்தியாயம். யோகோவும் ராகுஷுனும் பிரிந்த பிறகு ஒரு பறவை மூலமாகப் பேசிக்கொள்வார்கள். சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு போய்ச் சொல்லும் பறவை, தீனி வெள்ளி மணி. ராகுஷுன் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கப் போயிருக்கிறான், அங்கேயும் அரைமிருகம் என்று இளப்பம். யோகோவுக்கு அரண்மனையில் யாரும் மதிப்புத் தருவதில்லை. ஆனால் இரண்டு பேரும் பறவையிடம், நான் நன்றாக இருக்கிறேன், எல்லாம் நல்லபடி போகிறது என்றே சொல்லி அனுப்புகிறார்கள். இதைப் பார்த்தபோது அறையில் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அன்று சாயங்காலம்தான் வீட்டுக்குப் பேசியிருந்தான், கையில் கட்டோடு, கேமராவை முகத்துக்கு மட்டும் காட்டி.

நிறம் பற்றித் தங்கச்சி சொன்னது சரிதான். எனக்கு அது தோன்றவே இல்லை. நாங்கள் படத்தில் எங்களைத் தேடிப் பழகியவர்கள் இல்லை.

---

செம்பருத்தி:

அண்ணே, அந்தப் பறவை அத்தியாயத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நட்பு பற்றிய இனிமையான அத்தியாயம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் சொன்ன பிறகு இன்று மறுபடி போட்டேன்.

---

புக்கிட் பாத்தோக் வாணி:

அனைவருக்கும் நன்றி, கோபால் அண்ணனுக்கும் சேர்த்து. (அண்ணே, பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்ற குறளோடுதான் முதல் நாள் ஆரம்பம். எலியும் வரும்.)

மன்றத்தில் பேசிவிட்டேன். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த வேலையை அவர்கள் பார்க்கிறார்கள். கிடைக்கத் தாமதமானால் நாவலிலிருந்து பகுதிகளை எடுத்துப் படிக்கலாம் என்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் டோக்கியோபாப் பதிப்பகம் முதல் நான்கு பாகங்களை வெளியிட்டிருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லட்டும், எனக்கு அது இன்னும் வசதி.

பாலா, நீங்கள் சொன்னபடியே ராகுஷுன் அவளைக் கண்டெடுக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறேன். சுகிமோதோவைத் தனியாக ஒரு நாளுக்கு வைக்கிறேன். அவளுக்காக வாதாட ஒரு குழு, எதிர்க்க ஒரு குழு. பெண் அரசர் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுவேன். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை, வீட்டிலேயே பார்க்கிறார்கள்.

செம்பருத்தி, அந்த அம்மாவுக்கும் பையனுக்கும் நான் ஒரே பதில் சொல்லப்போவதில்லை. அம்மா கேட்டது, இந்தக் கதை நமக்கு எதற்கு என்று. அதற்கு மரமும் பதிவேடும் பதில், அதில் நான் உறுதியாக இருக்கிறேன். பையன் கேட்டது, என் முகம் ஏன் இல்லை என்று. அவனிடம், வரைந்தவர்கள் நினைத்திருந்தால் வரைந்திருக்கலாம், வரையவில்லை என்று நேராகச் சொல்வேன். ஆனால் ஒரு இடத்தில் உன்னோடு உடன்பட மாட்டேன். ஸ்கார் வேண்டாம், டோரோகாய் வேண்டாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கிழவிக்குத் தெரிந்தது அரண்மனை ஜோதிடர்களுக்குத் தெரியவில்லையே! உன் வயதில் எனக்கும் கிழவி வேஷம் பிடித்திருக்காது, அது வேறு விஷயம். மோரிபிட்டோவை இரண்டாவது தொடராக வைக்கிறேன், நீ வந்து பிள்ளைகளோடு சண்டை போட வேண்டும். மைல்ஸ் வரும் காட்சிகளையும் எடுத்து வா.

தஞ்சாவூர்த் தம்பி, சாய் நாட்டு ராணியைப் பற்றி நீங்கள் கேட்டது என்னை விடவில்லை. நான் அந்தக் காட்சியை எப்போதும் ராணியின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன், டீச்சர் புத்தி. சுசு தன் துக்கத்தைவிட்டு வெளியே வந்ததால்தான் சேய்ஷுவுக்காக அழ முடிந்தது, ஆயுதம் எடுக்க முடிந்தது என்று வாதாடுவேன். ஆனால் அதை அந்த ராணியின் வாயில் வைத்திருக்க வேண்டுமா என்பது நல்ல கேள்வி. அதை அப்படியே, உங்கள் சொற்களிலேயே, பிள்ளைகளிடம் வைக்கிறேன். பறவை அத்தியாயம் கட்டாயம் உண்டு.

நீங்களும் அந்தத் தம்பியும் ஒருநாள் வர முடியுமா? உங்களுக்கு ஞாயிறுதான் வசதி என்றால் அந்த ஒரு அமர்வை ஞாயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், மன்றத்தில் அறை இருக்கிறதா என்று இன்றே கேட்டு வைக்கிறேன்.

---

துவாஸ் தஞ்சாவூரான்:

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் என்றால் வருவோம் டீச்சர். காலையில் ஓவர்டைம் இருக்கும். தம்பி கேட்கச் சொல்கிறான், ஐகாவா ஷோ ஏன் அசானோவைக் கொன்றார் என்று பாலா அண்ணனிடம் நேரில் சண்டை போட வேண்டுமாம், அவரும் வருவாரா?